பானட்டுக்குக் கீழே யார் பொறுப்பு?

முப்பதைத் தாண்டிய, மாதச் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிற ஒரு தமிழன், இங்கிலாந்தில் தன் வீட்டு கராஜில், முப்பது வருடப் பழைய ஜப்பானியக் குட்டிக் காருக்குத் தானே சூப்பர்சார்ஜர் பொருத்தினான் என்று சொன்னால் இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று கேலி. “ஏம்ப்பா, பவர் வேணும்னா பெரிய வண்டியா வாங்கிட வேண்டியதுதானே, கையில காசு இல்லையா?” இன்னொன்று கண்டனம். அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. கம்பெனிக்காரன் ஆயிரம் பொறியாளர்களை வைத்து வருடக்கணக்கில் யோசித்துச் செய்ததை ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு நீ மாற்றுகிறாயே, இது பொறுப்பில்லாத வேலை என்பார்கள்.

கேலிக்குப் பிறகு வருகிறேன். கண்டனம்தான் என்னைச் சீண்டுகிறது. கவன்ட்ரி பக்கத்துப் பிறந்தநாள் விருந்துகளிலும் பொங்கல் விழாக்களிலும் இதை என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே பொறியியல் படித்தவர்கள். பொறுப்பு என்ற சொல்லை இவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. கராஜில் குனிந்து நிற்கிறவனிடம் இருக்கிற பொறுப்பு, அவனைக் கண்டிக்கிற எங்கள் தொழிலில் எங்குமே இல்லை. அதை அவனிடமிருந்தும் பிடுங்கிவிடத்தான் இன்றைய கார் கம்பெனிகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரியாமல் கண்டிக்கிறவர்கள் தெரிந்துகொண்டாவது கண்டிக்கட்டும்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுப்பது சுலபம், காற்று கொடுப்பதுதான் கஷ்டம். பெட்ரோலைப் பம்பு வைத்துத் தள்ளலாம். காற்றை இன்ஜின் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வளிமண்டலம் தள்ளுகிற 14.7 psi அழுத்தத்துக்கு மேல் அதற்கு எதுவும் கிடைக்காது. அதிகக் காற்று போனால்தான் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். கொல்லன் உலைக்கு இது எப்போதோ தெரியும், அதனால்தான் அங்கே துருத்தி இருக்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றிக்கொள்கிற துருத்தி. இந்த ஒப்புமை என் கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய காற்றுத் தள்ளி, இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் போனது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றும் இரண்டு உருளைகள், அவ்வளவுதான். 1921-இல் மெர்சிடிஸ் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டியபோதும், இன்று என் கராஜில் இருப்பதிலும் அடிப்படை ஏறக்குறைய அதேதான்.

காரைப் பற்றி: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. அறுபதுகளின் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்களின் ஆசையை, எண்ணெய் ஒழுகாமல், மழையில் மக்கர் பண்ணாமல் நிறைவேற்றிய ஜப்பானியக் கார். 2016-க்குள் பத்து லட்சம் விற்றார்கள். என்னுடையது முதல் தலைமுறை, 1993-ஆம் வருடத்து 1.6 லிட்டர். எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு, 115 குதிரைத்திறன். வளைவுகளில் அதற்கு இணை கிடையாது. மலைப்பாதை ஏற்றத்தில் மட்டும் பின்னால் வருகிற டீசல் வேன் ஹார்ன் அடிக்கும்.

துருத்தி கிடைத்த இடம் பழைய கார் உடைக்கிற யார்டு. 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் கார்களில் ஈட்டன் எம்45 என்ற சூப்பர்சார்ஜர் இருந்தது. அந்த கார்கள் பிரிட்டனில் இப்போது நிறைய உடைபடுகின்றன, துருத்தி மட்டும் சாவதில்லை. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 740 சிசி காற்றைத் தள்ளும். என் 1.6 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 800 சிசி குடிக்கும், ஏனென்றால் நான்கு வீச்சில் ஒரு வீச்சுதான் உறிஞ்சல். இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது துருத்தி 1.7 சுற்று சுற்றும்படி புல்லி வைத்தால் 1,260 சிசி வரும். 800 போக வேண்டிய இடத்தில் 1,260. கசிவையும் சூட்டையும் கழித்தால் வளிமண்டலத்துக்கு மேல் 6 psi அளவில் அழுத்தம் நிற்கும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த எல்லோருக்கும் பம்பின் அடிப்பக்கம் சுட்டிருக்கும். ரூட்ஸ் வகைத் துருத்தி இதில் மகா மோசம். 27 டிகிரியில் உள்ளே போன காற்று 6 psi அழுத்தத்தில் 80 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், தீப்பொறி பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கிற கலவை தானாகவே வெடித்துவிடும். நம்மூர் மெக்கானிக் “இன்ஜின் நாக் அடிக்குது” என்பது இதைத்தான். டீசல் மாதிரி டக்டக்கென்று சத்தம். லேசாக அடித்தால் சத்தத்தோடு போகும். பூஸ்டில் பலமாக அடித்தால் பிஸ்டனின் விளிம்பு உருகும், அல்லது பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே உடையும். இதற்கு சில விநாடிகள் போதும்.

இதைத் தடுக்க இரண்டு பிடிகள் இருக்கின்றன. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுவது, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. இரண்டுமே எண்கள். எம்எக்ஸ்-5-இன் பழைய கணினி, காற்று தள்ளித் திறக்கிற ஒரு சின்னக் கதவை வைத்துத்தான் காற்றை அளக்கிறது. துருத்தி வைத்த பிறகு கதவு முழுக்கத் திறந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு காற்று வருகிறது என்று கணினிக்குத் தெரியாது. அதனால் அதைத் தூக்கிவிட்டு வேறு மூளை வைக்க வேண்டும். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் இருக்கிறது, கையால் சால்டர் வைத்தே செய்துகொள்ளலாம். நான் வைத்தது ஆஸ்திரேலியாவின் ஜாஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோ. அர்டுயினோ மெகா பலகையில் ஓடுகிற திறமூல நிரல். ஒவ்வொரு வரியையும் திறந்து படிக்கலாம், படித்தேன்.

அதற்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. நெடுக்கில் அழுத்தம், கிடையில் வேகம். பதினாறுக்குப் பதினாறு, 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண், அந்த எண்தான் எத்தனை பெட்ரோல் என்று தீர்மானிக்கிறது. தீப்பொறிக்கு அதே மாதிரி இன்னொன்று. இந்த இடத்தில்தான் என் வாதம் தொடங்குகிறது.

140 கிலோபாஸ்கல், 5,500 சுற்று என்ற கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டுகிறேன். அந்த எண் சரியா என்று யாரும் ரிவ்யூ பண்ண மாட்டார்கள், டெஸ்டிங் டீம் கிடையாது. அதைத் தட்டியவன்தான் அடுத்த பத்து நிமிடத்தில் அந்த இன்ஜினுக்குப் பின்னால் சீட்டில் உட்காருகிறான். தப்பாக இருந்தால் சத்தம் அவன் காதில்தான் முதலில் விழும், பில் அவன் பையில். அதனால் என்ன செய்கிறான் தெரியுமா? பயப்படுகிறான். தீப்பொறியை வேண்டியதைவிடத் தாமதமாக வைத்து, பெட்ரோலை வேண்டியதைவிடக் கூட்டி வைத்துத் தொடங்குகிறான். அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதத்தைப் பதிவு செய்கிறான். சாதாரண ஓட்டத்தில் 14.7, பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறான். பொதுச் சாலையில் இதையெல்லாம் முழு வேகத்தில் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. மணிக்கணக்கில் வாடகைக்கு ரோலிங் ரோடு கிடைக்கிறது, காரை உருளைமேல் கட்டிவைத்து ஓட்டலாம். அங்கே ஒரு டிகிரி, பிறகு இன்னொரு டிகிரி என்று ஏற்றுகிறான். எனக்குக் கடைசியில் வந்தது 150 சொச்சம் குதிரைத்திறன். இன்னும் எடுக்கலாம் என்றார் ரோலிங் ரோடுக்காரர். போதும் என்றேன், அந்த பிஸ்டன்களை வருகிற குளிர்காலத்திலும் நான்தான் ஓட்ட வேண்டும்.

பொறுப்பு என்று எனக்குத் தெரிந்தது இதுதான். இப்போது எங்கள் தொழிலைப் பாருங்கள். மென்பொருளில் எழுதுகிறவன் ஒருவன், நடுராத்திரி விழிக்கிறவன் இன்னொருவன். லண்டனில் தட்டிய வரி உடைந்தால் பெங்களூரில் இரவு ஷிஃப்டில் இருக்கிற ஒரு பையனுக்கு போன் அடிக்கும். அவன் முந்தைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு, டிக்கெட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, டீ குடிக்கப் போவான். காலையில் கூட்டம் போட்டு, யாரையும் குறை சொல்லாமல், ‘செயல்முறையில் இடைவெளி’ என்று எழுதி முடிப்போம். அது நல்ல வழக்கம்தான், நானே ஆதரிப்பவன். ஆனால் பத்து வருடம் அதிலேயே இருந்தவர்கள், உருகின பிஸ்டனைத் திருப்பி வைக்க பட்டன் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவனைப் பார்த்து “பொறுப்பில்லாதவன்” என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தக் கண்டனத்தின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும், நானும் அதே மண்ணில் முளைத்தவன். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தேன். ஓட்டோ சுழற்சியின் அழுத்த–கன அளவு வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தெர்மல் லேபில் ஒரு ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. லேப் அட்டெண்டர் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார், நாங்கள் தள்ளி நின்று ரீடிங் எடுப்போம். இன்ஜின் நின்றுபோனால் பேராசிரியர் அவரைத்தான் பார்ப்பார். அந்த இன்ஜினைப் பற்றி அந்த அறையில் உண்மையாகத் தெரிந்த ஒரே ஆள் அவர், பத்தாவது பாஸ். எங்களைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் அவரை “அண்ணே” என்போம், அவர் எங்களை “சார்” என்பார். அந்த “சார்” எங்களுக்கு எதற்காகக் கிடைத்தது? கையில் கிரீஸ் படாததற்காக. பட்டம் என்பது அதற்கான அத்தாட்சி. நான்கு வருடத்தில் ஒரு சிலிண்டர் ஹெட்டைக்கூடக் கழற்றாமல் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆகி, கேம்பஸில் ஐ.டி. கம்பெனிக்குத் தேர்வாகி, மரியாதையாக வெளியே வந்தோம்.

இதில் சாதி இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. உலையும் துருத்தியும் யாருடைய கையில் இருந்தன, அந்தக் கையை எங்கே நிறுத்தினோம் என்பது ஊரறிந்தது. ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். வீட்டில் பையன் மிக்ஸியைப் பிரித்தால் முதுகில் அடி விழும். கோவையில் எஸ். கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டினார், இன்று அவர் பெயரில் ஒரு பந்தயத் தடமே இருக்கிறது. நல்ல மனிதர், உண்மையான மேதை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை கிரீஸ் பூசினால் அது ஆர்வம், பட்டறைப் பையன் பூசினால் அது தலையெழுத்து. நடுவில் இருக்கிற நாம் இரண்டுக்கும் வெளியே நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

“வடிவமைத்தவனுக்குத் தெரியாதா?” என்ற கேள்விக்கு வருவோம். சூப்பர்சார்ஜர் வரலாற்றிலேயே இதற்கு அருமையான ஒரு வழக்கு இருக்கிறது. 1920-களின் கடைசியில் டிம் பர்கின் என்ற பந்தய ஓட்டுநர் 4½ லிட்டர் பென்ட்லி இன்ஜினின் மூக்கில் ஒரு பெரிய சூப்பர்சார்ஜரை வைத்தே தீருவேன் என்று நின்றார். இன்ஜினை வடிவமைத்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. சக்தி வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும், இருப்பதில் காற்றைத் திணித்தால் இன்ஜின் கெடும் என்பது அவர் கொள்கை. 1930 லெ மான் பந்தயத்தில் பர்கினின் சூப்பர்சார்ஜர் பென்ட்லிகள் பாதியில் நின்றன. பென்ட்லி கம்பெனியின் சொந்தக் கார், சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய இன்ஜின் ஸ்பீட் சிக்ஸ், ஜெயித்தது. அதே வருடம் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்கின், தன் காரில் பாதிகூட எடையில்லாத பந்தயக் கார்களுக்கு நடுவே, அந்தச் சூப்பர்சார்ஜர் பென்ட்லியில் இரண்டாவதாக வந்தார். யார் சரி? வடிவமைத்தவர் பெரும்பாலும் சரி. ஆனால் அவர் வேண்டாம் என்றதோடு விஷயம் முடிந்திருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பென்ட்லிக்கு இருந்தது, பானட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகும் உரிமை இருக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

கம்பெனிப் பொறியாளர்களின் பொறுப்பில் அப்படியொரு நம்பிக்கை வைத்திருப்பவர்களுக்கு 2015-ஐ ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் கணினிக்குள் ஒரு நிரல் இருந்தது. ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா என்பது மாதிரியான அடையாளங்களை வைத்து, இது ஆய்வகச் சோதனை என்று அது கண்டுபிடித்துவிடும். சோதனையில் புகையைச் சுத்தமாக வைக்கும், சாலைக்கு வந்ததும் விட்டுவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் வரம்பைவிட 40 மடங்கு வரை போயின. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். கண்டுபிடித்தது யார்? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அளவுக்கருவியைக் கார் டிக்கியில் வைத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நமக்குப் பழகிய பெயர்களும் இருந்தன. 2017-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள், ஒருவர் மேலாளர், இன்னொருவர் பொறியாளர்.

இதை நான் பழைய பகைக்காக இழுக்கவில்லை. அந்த நிரலை எழுதியவர்கள் யாரும் கராஜ் பேர்வழிகள் இல்லை. ரிவ்யூவும் செயல்முறையும் கையெழுத்துகளும் தாண்டி அது 1.1 கோடி கார்களுக்குள் போனது. தப்பான எண்ணைத் தட்டியவன் மூக்கில் அந்தப் புகை ஏறவில்லை, வேறு யாரோ நகரத்து மக்கள் மூக்கில் ஏறியது. நிரல் திறந்து கிடந்திருந்தால் இத்தனை வருடம் ஒளிந்திருக்காது.

இதற்காக கராஜ்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று எழுதிவிட மாட்டேன். எங்கள் கூட்டத்தில் அயோக்கியர்கள் இருக்கிறார்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்டியெடுத்துவிட்டு வெறும் குழாய் வைக்கிறவன், வெடிச்சத்தத்துக்காக எக்ஸாஸ்டில் பெட்ரோல் எரிக்கிறவன், ராத்திரி பதினோரு மணிக்கு ரிங் ரோட்டில் பந்தயம் விடுகிறவன். இவர்கள் மேல் எனக்கு எந்தக் கருணையும் இல்லை, அபராதம் போட்டு வண்டியைப் பிடுங்கட்டும். என் காரில் கன்வர்ட்டர் இருக்கிறது. பூஸ்டில் பெட்ரோல் கூடுதலாக எரியும், அப்போது கார்பன் மோனாக்சைடு கூடும், வருடாந்திர எம்ஓடி சோதனையில் அதைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. அதையும் பார்க்கட்டும் என்பேன். உருளையில் ஏற்றி முழுச் சுமையில் அளந்து, தேறாவிட்டால் திருப்பி அனுப்பட்டும்.

பிரிட்டனின் முறை முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் நோக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. உன் காரை நீ மாற்றிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ்காரனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், மறைத்தால் விபத்தில் பாலிசி செல்லாமல் போகலாம். வருடம் ஒருமுறை பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாம் சோதனைக்கு வர வேண்டும். கன்வர்ட்டர் உள்ள கார் என்றால் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். யார் கை வைத்தது என்று கேட்பதில்லை, என்ன வெளியே வருகிறது என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் கேள்வியே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாலைப் பாதுகாப்பு என்ற காரணம் போலியானது இல்லை, நம் சாலைகளைப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் அதே சாலையில் வழுக்கை டயரோடும் தேய்ந்த பிரேக்கோடும் ‘மூல விவரப்படி’ ஓடுகிற வண்டிகளை யார் அளக்கிறார்கள்? புதுப்பேட்டையில் உடைபடுகிற வண்டிகளின் பாகங்களை வைத்துக் கிடைத்ததை ஓடவைக்கிற திறமை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை அளந்து, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுத்து மேலே கொண்டுவருவதை விட்டுவிட்டு, எப்போதும் சட்டத்துக்குப் புறம்பான நிழலிலேயே வைத்திருக்கிறோம்.

இப்போது வருகிற ஆபத்து இதைவிடப் பெரியது, சட்டத்தால் வருவதும் இல்லை. 2022 நவம்பரில் மெர்சிடிஸ், அமெரிக்காவில் தன் சில மின்சார கார்களுக்கு ஒரு சந்தாவை அறிவித்தது. வருடத்துக்கு 1,200 டாலர் கட்டினால் கார் நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை ஏறக்குறைய ஒரு நொடி சீக்கிரம் எட்டும். பாகம் எதுவும் மாறாது. மோட்டார் அதே மோட்டார், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மோட்டார். ஒரு எண் மட்டும் மாறும். என் அட்டவணையில் நான் தட்டுகிற அதே மாதிரியான எண். யோசித்துப் பாருங்கள். நான் யார்டில் துருத்தி வாங்கி, பிராக்கெட் வெட்டி, பெல்ட் ஒரு மில்லிமீட்டர் கோணாமல் புல்லியை நேர்படுத்தி, இன்ஜெக்டர் மாற்றி, குளிரில் கை விறைத்து எடுத்த சக்தி பொறுப்பில்லாத வேலை. அவர்கள் கட்டணத்துக்குப் பூட்டைத் திறந்தால் அது ‘சேவை’. அந்தப் பூட்டை எழுதுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான், மென்பொருள்காரர்கள். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொலைவிலிருந்து யாரும் கைப்பற்றாமல் இருக்கப் பூட்டு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அந்தத் துறையின் பயங்கள் எனக்குத் தெரியும். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய கார்களுக்கு அப்படியான விதிகள் கட்டாயமாகியிருக்கின்றன. திருடனுக்குப் போடுகிற பூட்டையே வீட்டுக்காரனுக்கும் போட்டு, சாவியை வாடகைக்கு விடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேலிக்காரர்களுக்குப் பதில் சொல்ல மறந்துவிடக் கூடாது. “உன் ஒரு மணி நேரச் சம்பளம் என்ன? எத்தனை சனி ஞாயிறு போச்சு? பெருக்கிப் பாரு.” பெருக்கிப் பார்த்தேன். பாகங்களுக்கு 1,400 பவுண்டுக்குள், நேரம் பதினோரு வார இறுதிகள். என் சம்பளக் கணக்கில் போட்டால் நல்லதொரு பெரிய காரே வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இந்தப் பெருக்கலை இவர்கள் வேறு எதற்கும் போட்டுப் பார்ப்பதில்லை. கிரிக்கெட் பார்த்த ஐந்து நாளுக்குப் போடுவதில்லை. கை வேலை என்று வந்தால் மட்டும்தான் கால்குலேட்டர் வெளியே வருகிறது. என்னுடைய ஒரு மணி நேரத்துக்கு விலை இருக்கிறது, அதனால் அந்த மணியில் ஒரு நட்டைத் திருகுவது எனக்குக் கீழானது என்பதுதான் இதன் உட்பொருள். பழைய “சார்” இது, பவுண்டு கணக்கில் பேசுகிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர். 1980-இல் மூடப்படும் வரை இதே ஊரின் கேன்லி ஆலையில் ட்ரையம்ஃப் கார்களுக்கு இன்ஜின் பூட்டியவர். துருத்தியின் பின்முனையை மூடுவதற்கு நான் தகடு தேடிக்கொண்டிருந்த நாளில் (மினியில் அந்த முனைதான் தண்ணீர் பம்பைச் சுற்றும், எனக்கு அது தேவையில்லை) வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு அலுமினியத் துண்டோடும் தன் டார்க் ரென்ச்சோடும் வந்தார். எதற்கு இந்த வேலை என்று கேட்கவில்லை. எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்றுதான் கேட்டார். எனக்கு இதுவரை கிடைத்த கோட் ரிவ்யூக்களில் அதுதான் கடுமையானது.

இப்போது இரண்டு மூன்று பேர் என்னிடம் அட்டவணையைக் கேட்கிறார்கள். ஒருவர் ரெடிங்கில் இருக்கிறார், ஒருவர் லெஸ்டர், இருவருமே ஐ.டி., இருவரிடமும் 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5. கொடுக்கிறேன், ஃபைலாகவே அனுப்புகிறேன். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்குப் போட்டது, என்ன இன்ஜெக்டர், என்ன புல்லி எல்லாம் எழுதிவைக்கிறேன். 100 கிலோபாஸ்கலுக்குக் கீழே உள்ள வரிசைகள் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்கு மேலே, பூஸ்டில் வருகிற வரிசைகளில் மட்டும், இன்ஜின் தடுமாறி இருமுகிற அளவுக்கு அதிகப் பெட்ரோலையும் படுதாமதமான தீப்பொறியையும் போட்டுவைத்து அனுப்புகிறேன். அந்தக் கட்டங்களை அவர்கள்தான் நிரப்ப வேண்டும், அவர்களுடைய காரில், அவர்கள் உட்கார்ந்து.